வலப்பக்கத்து ஸ்பிரிங்

செவ்வாய்க்கிழமை காலை நான் முகம் வழித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. என் மனைவி மலர் எடுத்தாள். "எப்ப பிள்ளை? நித்திரையிலயோ?" என்று அவள் கேட்டதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. வெள்ளவத்தைக் குணநாயகம் அவர்கள் காலமாகிவிட்டார். முதல்நாள் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, செய்தி கேட்டு, படுத்தவர் எழும்பவில்லை. அவருடைய மகள் வாசுகி சொன்னது அவ்வளவுதான்.

முதலில் எனக்கு அழுகை வரவில்லை. எனக்குச் சீனி வருத்தம், முழங்கால் வருத்தம், மாதத்துக்கு இரண்டு டொக்டர். இந்த மனிதருக்கோ ஒருநாள்கூட ஆஸ்பத்திரிக் கட்டில் காணாமல் நித்திரையில் சாவு. 'இதிலும் என்னை முந்திவிட்டாரே' என்றுதான் நினைத்தேன். பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு நின்று இப்படி நினைத்தவன் அஞ்சலி எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். அன்பு வைத்தவர்கள் அவரைக் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்திருப்பார்கள். நான் பொறாமையோடு பார்த்தவன். எனக்கு எதுவும் தப்பவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் நாங்கள் இருவரும் எழுதுவினைஞர்கள். நான் அவருக்கு ஒரு வருடம் முந்திச் சேர்ந்தேன். பதவி உயர்வு அவருக்கு முந்தி வந்தது. வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் ஒரே வீட்டின் கீழ்த்தட்டில் அவர் குடும்பம், மேல்தட்டில் நாங்கள். அவர் முற்றத்து முருங்கை வருடம் முழுக்கக் காய்த்தது. நான் பல்கனியில் வைத்த கறிவேப்பிலை ஒரு மாதத்தில் பட்டுப்போனது. அவர் சிங்களம் கதைத்தால் கடைக்காரர்கள் கதிரை இழுத்துப் போட்டார்கள். நான் கதைத்தால் சிரித்தார்கள். "குணண்ணையைப் பாருங்கோவன்" என்ற வசனம் இல்லாமல் மலர் எனக்குத் தேத்தண்ணீர் தந்ததில்லை. ஆண்டவன் அவருக்கு அள்ளிக் கொடுத்தான், எனக்குக் கிள்ளிக் கொடுத்தான்.

அவரிடம் ஒரு பழைய ஜப்பான் காரும் இருந்தது. என்னிடம் பஸ் சீசன் டிக்கெட் இருந்தது.

ஞாயிறு பின்னேரங்களில் கொட்டாஞ்சேனையில் இருந்த தன் மைத்துனி வீட்டுக்கு அவர் குடும்பத்தோடு போவார். "ஏறும் சச்சி, இடமிருக்கு" என்று எங்களையும் ஏற்றிக்கொள்வார். எல்லாரும் ஏறினால் காரின் பின்பக்கம் கோழி அடைகாப்பதுபோலக் குந்திவிடும், ஸ்பிரிங் அவ்வளவு களைத்துப்போயிருந்தது. யுத்த காலம் அது. பின்பக்கம் பதிந்த கார் என்றால் உள்ளே குண்டு இருக்கலாம் என்று அர்த்தம். கொட்டாஞ்சேனை போய்ச் சேருவதற்குள் மூன்று சோதனைத் தடை. மூன்றிலும் எல்லாரும் இறங்கி, அடையாள அட்டை காட்டி, டிக்கியைத் திறந்து, ஆசனத்தையும் கிளப்பிக் காட்டவேண்டும். "பிட்டிபஸ்சே மொனவத?" பின்னால் என்ன என்று சிப்பாய் கேட்பார். "எங்கட மனிசிமார்தான், தம்பி. வேற பாரம் ஒண்டும் இல்லை" என்று குணண்ணை சிங்களத்தில் சொல்ல, சிப்பாய் சிரித்துவிடுவார். அந்த வெயிலில் நிற்பதைவிட அந்தச் சிரிப்புத்தான் எனக்குக் கூடுதலாக எரிந்தது.

ஒருநாள் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அலைந்து ஒரு சோடி புது ஸ்பிரிங்கோடு வந்தார். காரோடு வந்தது மாதிரி இல்லை. அதைவிடத் தடிப்பு, இரண்டு விரற்கடை உயரம், மஞ்சள் பெயின்ற். "கராஜ் வேண்டாம். வீட்டிலயே போடலாம். புத்தகத்தில எல்லாம் கிடக்கு" என்றார். பேனை பிடித்த கை ஸ்பானர் பிடிக்கப்போகிறது, எப்படியும் பிழைவிடுவார் என்ற நம்பிக்கையில் நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சந்தோஷமாக இறங்கிப் போனேன்.

முன்சில்லுகளுக்குக் கல் அண்டை கொடுத்தார். ஜாக்கியால் பின்பக்கத்தை உயர்த்தி, இரு பக்கமும் பழைய ரயில் சிலிப்பர்க் கட்டைகளை அடுக்கினார். "ஜாக்கியை நம்பிக் கீழ போகக்கூடாது, சச்சி. அது தூக்கத்தான். தாங்கிறதுக்குக் கட்டை." சில்லைக் கழற்றி, ஷொக் அப்சோபரின் கீழ் நட்டை எடுத்து, அச்சை மெல்ல இறக்கினார். பழைய ஸ்பிரிங் கையோடு வந்தது. புதியது உயரம் என்பதால் நுழைய மறுத்தது. அச்சைக் காலால் அமத்தச் சொல்லி என்னை நிறுத்தினார். "அமத்தும், ஆனா முகத்தை நேர வையாதையும். தெறிச்சா மூக்கு இராது." ஸ்பிரிங்கின் தலையில் ஒரு ரப்பர் வளையம் வைத்து, கீழ்நுனி தன் பள்ளத்தில் உட்காரும்வரை திருப்பி, ஒரு தட்டுத் தட்டினார். முடிந்துவிட்டது. ஒழுங்கையில் வேடிக்கை பார்த்த நாலுபேர் தலையாட்டினார்கள். மலர் பல்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலப்பக்கத்தை நீர் போடும்" என்று ஸ்பானரை என் கையில் தந்தார். பிச்சை போடுகிறார் என்று எனக்குப் பட்டது. வேர்த்து வழிய நானும் போட்டு முடித்தேன். மேலே போய்க் குளிக்கச் சாரத்தை அவிழ்த்தபோது, இடுப்பு மடிப்பிலிருந்து ரப்பர் வளையம் நிலத்தில் விழுந்தது. மண் படக்கூடாதென்று நானே செருகிவைத்து மறந்தது. என் ஸ்பிரிங் இப்போது வெறும் இரும்பில் முட்டிக்கொண்டு இருந்தது.

இறங்கிப்போய்ச் சொல்ல இருபது படி. கீழே அவர் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது: "வலப்பக்கம் சச்சி போட்டது. என்னைவிட வடிவாப் போட்டிருக்கிறார்." அதைக் கேட்டபின் நான் இறங்கவில்லை. கார் கொஞ்சம் சத்தம் போடட்டும், அந்த மனிதருக்கும் ஒரு குறை இருக்கட்டும் என்று வளையத்தை மேசை லாச்சிக்குள் போட்டேன்.

அடுத்த ஞாயிறு கார் நிமிர்ந்து நின்றது. முதல் இரண்டு தடைகளிலும் கையைக் காட்டி விட்டுவிட்டார்கள். குணண்ணையின் மனைவி தவமணி அக்கா, "இப்பதான் கார் மாதிரிக் கிடக்கு" என்றார். மூன்றாவது தடையில் வேகத்தைக் குறைக்கப் போட்டிருந்த கட்டையில் பின்சில்லு ஏறி இறங்கியது. வலப்பக்கத்தில் 'டங்' என்று இரும்பு அடித்தது. சிப்பாய் கையை உயர்த்தினார்.

குனிந்து அடியில் பார்த்தவர்கள் மஞ்சள் ஸ்பிரிங்கைக் கண்டார்கள். அதிகாரி வந்தார். இவ்வளவு தடித்த ஸ்பிரிங் எதற்கு, என்ன பாரம் ஏற்ற, வலப்பக்கத்தில் என்ன ஒளித்துவைத்திருக்கிறீர்கள், யார் இதைப் பூட்டியது? நான் முன் ஆசனத்துக்குப் பக்கத்தில் நின்றேன். கையிலிருந்த அடையாள அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கிழமையாக ஒழுங்கை முழுக்க என் பெயரைச் சொல்லித் திரிந்தவர், அப்போது என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "தெகம மம தமய் தெம்மே." இரண்டையும் நானே போட்டேன்.

அவரையும் காரையும் கொண்டுபோனார்கள். நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம்.

நாலு நாள் வைத்திருந்தார்கள். நாலு நாளும் கீழ்வீட்டு வாசலில் ஆட்கள். சிங்கள வீட்டுக்காரர் சத்தியக் கடுதாசி எழுதிக் கொடுத்தார். அலுவலகப் பெரியவரே நேரில் போய் விசாரித்தார். எனக்கு இப்படி நடந்தால் யார் வருவார்கள் என்று நான் மேலே இருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். என்னால் அடைபட்டுக் கிடந்த மனிதர்மேல் நான் பொறாமைப்பட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது; எழுதாமல் விட்டால் இந்த அஞ்சலி பொய். லாச்சியைப் பலதரம் திறந்தேன். மலரிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் தாடியோடு வந்தார். இடக்கையில் இரண்டு விரல்கள் அதன்பின் சரியாக மடங்கவில்லை. "என்ன கேட்டவை?" என்றேன். "ஸ்பிரிங்கைப் பற்றித்தான். நாலு நாளா அவைக்குப் படிப்பிச்சனான்" என்று சிரித்தார். கார் பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தது. அந்தக் கிழமை தவமணி அக்கா, "என்ரை குளியலறைச் செருப்பில ஒண்டைக் காணேல்லை, நாய் தூக்கிக்கொண்டு போட்டுதோ" என்று எங்கள் படியிலும் தேடினார். காரில் சத்தமும் நின்றுபோயிருந்தது. பொலிசில் கழற்றிப் பூட்டியபோது சரியாகியிருக்கும் என்று நம்பிக்கொண்டேன், எனக்கு அது வசதியாக இருந்தது.

அவரோ பழைய பாட்டைத் திரும்பத் தொடங்கினார். "வலப்பக்கம் சச்சி போட்டது. இண்டைவரைக்கும் கை வைக்கத் தேவையில்லை." என் மகனின் கலியாணத்தில் சம்பந்திக்கும் சொன்னார். நாங்கள் தெஹிவளைக்கு வீடு மாறினோம். யுத்தமும் முடிந்தது. அவர் அந்தக் கதையை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் நெளிந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

செத்தவீட்டுக்கு அந்த ரப்பர் வளையத்தையும் சட்டைப்பையில் கொண்டுபோனேன். ஒழுங்கை முனைவரை சனம், நிற்க இடமில்லை. வழக்கம்போல அதுவும் எனக்குக் குத்தியது. பின்பக்கத் தகரக் கொட்டிலில் கார் நின்றது. வருத்தக்கார முழங்காலை மடக்கி, போன் வெளிச்சத்தில் வலச்சில்லுக்குள் பார்த்தேன். ஸ்பிரிங்கின் தலைக்கும் காரின் உடம்புக்கும் நடுவில் வளையம் இருந்தது. நீல நிறம். சவர அலகால் வட்டமாக வெட்டிய செருப்பு அடி. ஓரத்தில் தவமணி அக்காவின் செருப்பில் இருந்த வெள்ளைப் பூவில் பாதி அப்படியே தெரிந்தது. மடங்காத விரல்களோடு அவர் தனியே கீழே படுத்து இதைச் செய்திருக்கிறார். எல்லாம் தெரிந்துகொண்டுதான் அத்தனை வருடமும் என்னைப் புகழ்ந்திருக்கிறார்.

வாசுகி வந்து எனக்குப் பின்னால் நின்றாள். "என்ன அங்கிள், உங்கட ஸ்பிரிங்கைப் பாக்கிறியளோ? அப்பா போன கிழமையும் சொன்னவர்."

"இல்லைப் பிள்ளை" என்றேன். "ரெண்டும் அப்பாதான் போட்டவர்."

அவள் விளங்காமல் பார்த்தாள். அவளுக்கு எல்லாவற்றையும் அந்தக் கொட்டிலிலேயே சொன்னேன். பிறகு உள்ளே போய் வாய்க்கரிசி போட்டேன். அந்த இரண்டு விரல்களும் அப்போதும் நீட்டியபடியே இருந்தன.

போய்வாருங்கோ, குணண்ணை. உங்கள்மேல் எனக்கு இன்னும் பொறாமைதான். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் சச்சியைக் காட்டிக்கொடுத்திருப்பேன். இருபது படி இறங்கிவர எனக்கு இவ்வளவு காலம் எடுத்துவிட்டது.