எம்பார் கொடுத்த வாக்கு

திருவள்ளூரில் எம்பாரின் குடும்பத்தார் பெருமாள் கைங்கர்யம் செய்தவர்கள். அண்ணன் மடைப்பள்ளியோடு இருந்துவிட்டார். எம்பார் மட்டும் டைப் படித்து, கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த இரும்பு ரோலிங் மில்லின் டைம் ஆபீசில் சேர்ந்தார். யார் வந்தார், யார் லீவு என்று பார்ப்பது வேலை. யார் சத்தம் போட்டாலும் "சரி, சரி" என்று தணிந்து போகிற மனிதர்.

எழுபத்தெட்டாம் வருஷம் மானேஜர் ஆதிநாராயணன் அவரைக் கூப்பிட்டார்.

"மெட்ராஸ்லேருந்து எம்.இ. படிக்கிற பசங்க வராங்க. கடைசி வருஷ பிராஜெக்ட் நம்ம மில்லுலதான். ஏற்பாடெல்லாம் உங்க பொறுப்பு."

எம்பாருக்குத் தலைகால் புரியவில்லை. பொறுப்பு என்று சொல்லி அவரிடம் யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை. பழைய ஸ்டோர் ரூமை ஒழித்து வெள்ளையடிக்கச் சொன்னார். ஃபேன் மாட்டினார். மாணவர்களுக்குச் சாப்பாடு தனியாக வைக்கும்படி கேன்டீனில் சண்டைகூடப் போட்டார்.

ஷெட்டில் மட்டும் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உலை வாயில் இடுக்கியோடு நிற்கும் ஆட்களுக்கு மேஸ்திரி பரசுராமன், ஆரம்பாக்கத்துக்காரர். அவர் ஆட்களில் பாதிப் பேர் அதே ஊர். இன்னும் பர்மனென்ட் ஆகாதவர்கள்.

"இன்னா சாமி, காலேஜு பசங்க வந்து ஆளு கொறைக்கப் போறாங்கன்னு பேசிக்கினு கீறாங்க. மெய்யா?"

"சேச்சே! உலையில எண்ணெய் ஜாஸ்தி எரியறது. அதைக் குறைக்க வழி பாக்க வரா."

"நல்லா கேட்டுகினு சொல்லு சாமி."

எம்பார் மானேஜரிடமே போய்க் கேட்டார். "எண்ணெய்தான், வேற என்ன?" என்றார் அவர், தலை நிமிராமல். எம்பாருக்கு அது போதுமானதாக இருந்தது. ஷெட்டுக்குத் திரும்பி எல்லோரும் கேட்க, "ஒருத்தர் வேலைக்கும் பங்கம் வராது, நான் வாக்குக் கொடுக்கறேன்" என்றார். அன்று சாயங்காலம் அந்த ஆட்களே மேஜை நாற்காலிகளைத் தூக்கிவந்து அறையில் போட்டார்கள்.

மாணவர்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் ஜோசப், மரியாதை தெரிந்த பையன். எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருக்கையில் ஆதிநாராயணன் சொன்னார்: "எண்ணெய் கெடக்கட்டும். எங்க டைரக்டருக்கு வேண்டியது ஒண்ணுதான். எவ்வளவு கம்மி ஆளை வச்சு இந்த மில்லை ஓட்டலாம்? ஸ்டாப் வாட்ச் நானே வாங்கித் தரேன்."

பிஸ்கட் தட்டோடு நின்றிருந்த எம்பார் அதை அப்படியே மேஜையில் வைத்தார். வராந்தாவில் மானேஜரைப் பின்தொடர்ந்து ஓடினார்.

"சார், நான் அவாளுக்கு வாக்குக் கொடுத்துட்டேன்."

"யாரைக் கேட்டுக் கொடுத்தீர்?"

எம்பார் அறைக்குத் திரும்பினார். ஜோசப்பிடம் போய் நின்றார். "தலைப்பை நாங்க மாத்த முடியாது சார். இதுல மார்க் இருக்கு. நாங்க கணக்கு மட்டும்தான் எழுதறோம், யாரையும் அனுப்பச் சொல்லலையே" என்றான் அவன், மெய்யாகவே வருத்தப்பட்டு.

மறைக்க மனம் வராமல் பரசுராமனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பரசுராமன் வியர்வையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டார்.

"தெரிஞ்சிகினு நாங்க இன்னா பண்றது சாமி? வேகமா செஞ்சா ஆளு ஜாஸ்தின்னுவான். மெள்ள செஞ்சா வெளிய போன்னுவான்."

மாணவர்கள் உலைக்குப் பக்கத்தில் வாட்சும் கையுமாக நின்றார்கள். எழுதி முடித்து, எம்பாரிடம் சொல்லிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளில், பர்மனென்ட் ஆகாதவர்களை இனி உள்ளே விட வேண்டாம் என்று உத்தரவு வந்தது. கேட்டில் நின்று அதைச் சொல்ல வேண்டியவர் எம்பார். வேலையை விட்டுவிடலாமா என்று முந்தின நாள் முழுக்க யோசித்தார். வீட்டில் மனைவி பங்கஜவல்லி பிள்ளைத்தாய்ச்சி. காலையில் கேட்டில் போய் நின்று சொல்லிவிட்டார்.

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்தபோது அவர்களில் சிலர் இன்னும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்கள்லாம் போகலையா?"

"ஊட்ல இன்னா சொல்றதுன்னே தெரியல சாமி" என்றான் அவர்களில் ஒருவனான சின்னராசு. "அதான் ஷிப்ட் உடற நேரத்துக்குப் போலாம்னு குந்திகினு கீறோம்."

சொல்லிவிட்டு, அவர் உட்காரச் சற்று நகர்ந்து இடம் விட்டான். எம்பார் ரயில் வரும்வரை நின்றுகொண்டே இருந்தார்.