ஜக்கையன் மடி

ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்குத் தெரியாத சங்கதி போடியில் இருக்க முடியாது. ஆதார் அட்டை, பத்திரம், ஜாதகம், டாக்டர் சீட்டு எல்லாம் என் கண்ணாடிமேல் கவிழ்ந்து படுத்து எழுந்துதான் போகும். அடுத்தவர் தாளைப் படிக்கக் கூடாது என்றுதான் நினைப்பேன். கண் கேட்காது. என் வீட்டுக்காரி இதை வியாதி என்கிறாள். நான் அக்கறை என்று சொல்லிக்கொள்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஜக்கையன் தன் செல்போனைக் கொண்டுவந்து நீட்டினான்.

"இந்தப் போட்டோவப் பெருசாக்கிக் குடு ஈஸ்வரா. முத்துப்பிரியா கேட்டுச்சு. எனக்கில்ல."

முத்துப்பிரியா அவன் வளர்க்கும் தங்கை மகள். போட்டோவில் இருந்தது வேறு பிள்ளை, இரண்டு வயதுப் பெண் குழந்தை. கம்பளிக் குல்லா, உருண்டைக் கன்னம், யாரோ அழாதே என்று மிரட்டிவிட்டுப் படம் எடுத்த முகம். "யாருப்பா இது?" என்றேன். "கவுதமாலா" என்றான். கேட்டதற்கு ஊர் பேரைச் சொன்னான், பிள்ளை பேரைச் சொல்லவில்லை. அன்றைக்குப் பிடித்த அரிப்பு எனக்கு மூன்று வருடம் விடவில்லை.

ஜக்கையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விடியும் முன்னே போடியில் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு வளைவுகளில் ஏறி, ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றி வருகிற ஜீப்பு அவனுடையது. இருபத்திரண்டு வருடமாக இதே சோலி. ஒரு கீறல் விழுந்ததில்லை. கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும். ஜீப்புக்குள் பெண்கள் சண்டை போட்டால் வளைவிலேயே ஓரங்கட்டி நிறுத்திவிட்டு இறங்கிப் பாறைமேல் உட்கார்ந்துகொள்வான். சத்தம் அடங்கினால்தான் வண்டி நகரும். ஒருமுறை முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தான் என்று சொல்வார்கள். சொன்ன சொல்லைத் திருப்பி வாங்குவது என்பது அவன் பரம்பரையிலேயே கிடையாது.

அவனுக்குக் குழந்தை இல்லை. தங்கை கலையரசிதான் எல்லாம். அவளைப் படிக்கவைத்து, சிலமலைக்காரன் கார்முகிலுக்குக் கட்டிக்கொடுத்தான். கார்முகில் ஏலக்காய் உலர்த்தும் எந்திரங்களை மாட்டுகிறவன், கெட்டிக்காரன். அவனுக்குக் கவுதமாலாவில் வேலை கிடைத்தபோது ஊரே சிரித்தது. கவுதமாலா ஏலக்காய் சந்தைக்கு வந்தால் இங்கே விலை விழும் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். "எதிரி வீட்டு அடுப்ப ஊதிக் குடுக்கவா போற?" என்று ஏலக்காய் வியாபாரி ஒருவர் என் கடையில் வைத்தே கேட்டார்.

அவன் போனான். இரண்டு வருடம் கழித்துக் கலையரசியும் மகள் முத்துப்பிரியாவும் போனார்கள், அவளுக்கு அப்போது நாலு வயது. அங்கே மலைக்காட்டில் பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லை, பிள்ளைக்கு வாரம் தவறாமல் காய்ச்சல். ஐந்தாவது மாதமே கலையரசி பிள்ளையைக் கொண்டுவந்து அண்ணன் வீட்டில் விட்டாள். "ஒரே வருசம்ணே" என்றாள். அந்த ஒரு வருடம் ஆறு வருடம் ஆனது. ஜக்கையனும் அவன் மனைவி வீரலட்சுமியும்தான் அவளுக்குத் தலை பின்னினார்கள், பள்ளியில் கையெழுத்துப் போட்டார்கள், பல் விழுந்தால் கூரையில் எறிந்தார்கள்.

மகள் பக்கத்தில் இல்லாமல் வந்த அவள் பிறந்தநாள் ஒன்றில் கலையரசி அங்கே ஓர் அனாதை இல்லத்துக்குச் சாப்பாடு போடப் போயிருக்கிறாள். நம் ஊரில் செய்கிற வழக்கம்தானே. பரிமாறும்போது ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று அவள் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அடுத்த ஞாயிறும் போனாள், அதற்கடுத்ததும் போனாள். பிறகு அதைத் தத்தெடுக்கக் கோர்ட்டு, விசாரணை, வீட்டுச் சோதனை என்று இழுத்தது. வழக்கு முடியும்வரை குழந்தையை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்றார்கள். குழந்தையை விட்டுவிட்டுக் கலையரசியாலும் வர முடியவில்லை. அப்படி, அதுவரை வருடம் ஒருமுறை வந்துபோனவள், பெற்ற மகளை மூன்று வருடம் செல்போனில்தான் பார்த்தாள்.

ஜக்கையனுக்கு இதுதான் ஆறவில்லை. போட்டோ வந்த வாரத்தில் என் கடை வாசலில் நின்று போனில் கத்தினான்.

"இருக்கிறத எங்கிட்ட விட்டுட்டு இன்னொன்ன எடுத்து வச்சிருக்கியே, உனக்கு நெஞ்சு இருக்கா? கேட்டுக்க. என் மடியில ஒரு பிள்ளைக்குத்தான் எடம். அதுக்கு நான் மாமன் இல்ல. இனிமே இந்தப் பேச்ச எங்கிட்ட எடுக்காத."

எங்கள் பக்கத்தில் மடி என்றால் சாதாரண வார்த்தை இல்லை. பிள்ளைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில் வைத்துத்தான். மாமன் மடி கிடைக்காத பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை என்று ஊர் ஒப்புக்கொள்ளாது. கலையரசி மறுமுனையில் அழுதிருப்பாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஊர்தான் எடுத்தது. வழக்கு முடிந்தது, வேலையை விட்டுவிட்டு நால்வருமாக இனி போடியில்தான் இருக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், ஜக்கையன் மடி கொடுப்பானா மாட்டானா என்று ஸ்டாண்டில் தினமும் விவாதம் நடந்தது. மாட்டான் என்பவர்கள்தான் அதிகம். நானும் அந்தக் கட்சிதான்.

முத்துப்பிரியா வேறு ரகம். பத்து வயது. தங்கச்சியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தாள். அங்கே மழை எப்படிப் பெய்யும், நாய் பிடிக்குமா, அம்மா அங்கேயும் தூக்கத்தில் பேசுகிறாளா. செல்போனைப் பார்த்து ஸ்பானிஷ் கற்றுக்கொண்டு, வார்த்தைகளைத் தாளில் எடுத்துத் தரச் சொல்லி என்னிடம் வருவாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"உனக்குக் கோவமே இல்லையா ஆத்தா?"

"இருக்கு மாமா. அது அம்மா மேல. தங்கச்சி சின்னப் பிள்ளைல."

அவர்கள் வருவதற்குப் பத்து நாள் முன்பு, மத்தியானம், ஜக்கையன் கடைக்குள் வந்து முக்காலியில் உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பியை எடுத்துத் திறந்தான். உள்ளே ஒரு ஜோடித் தங்கத் தோடு, குழந்தைக்குப் போடுகிற அளவு.

"யாருக்கு?" என்றேன், தெரியாதவன் மாதிரி.

"முத்துப்பிரியாவ ஞாயித்துக்கிழம ஜீப்புல மேல கூட்டிட்டுப் போனேன். 'மாமா, எனக்கு மடி குடுத்தீங்க, அவளுக்குக் குடுக்க மாட்டேன்னீங்க. நாளைக்குப் பெரியவளாகி எங்கிட்டதான கேப்பா, நான் என்னன்னு சொல்ல'ன்னு கேட்டுச்சு. பதினேழு வளைவும் ஏறி எறங்குன கையோட நகக்கடைக்குப் போனேன்."

"சந்தோசம். போனப் போட்டுக் கலைகிட்டச் சொல்லு."

"சொன்ன வாயி. எப்படித் திருப்புறது? செஞ்சு காட்டிக்கிறேன்."

திட்டம் போட்டிருந்தான். சாமி கும்பிடுவோம் என்று சொல்லி எல்லோரையும் சிலமலையில் கார்முகிலின் குலதெய்வக் கோயிலுக்கு அழைத்துப்போவது. அங்கே காது குத்தும் ஆசாரி தயாராக இருக்க வேண்டும். ஆசாரியை என் வண்டியில் கூட்டிவருவது என் பொறுப்பு. யாரிடமும் மூச்சு விடக் கூடாது. என்னைப் போய் நம்பினானே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

எழுந்து போகும்போது, "அவங்க வந்துட்டா முத்துப்பிரியா அவங்க வீட்டுக்குப் போயிரும்ல?" என்றான். அது கேள்வியே இல்லை. கார்முகில் வாடகைக்குப் பார்த்திருக்கும் வீடு அடுத்த தெருதான் என்றேன். அடுத்த தெருவும் தூரம்தான் என்று அவன் முகம் சொன்னது.

சென்னை ரயிலில் வந்தார்கள். வெள்ளைக்காரப் பிள்ளையைப் பார்க்கலாம் என்று பிளாட்பாரத்துக்கு வந்திருந்த கூட்டத்துக்குப் பெரிய ஏமாற்றம். மாநிறம், கருகருவென்று காதை மூடித் தோள்வரை முடி, கறுப்புக் கண். "இதென்ன, நம்ம சிலமலப் பிள்ளையாட்டம் இருக்கு?" என்று ஓர் அம்மாள் குறைப்பட்டுக்கொண்டார். பெயர் மரிசோல். ஐந்து வயது.

கலையரசி முத்துப்பிரியாவைப் பார்த்துக் கையை நீட்டியபடி நின்றாள். முத்துப்பிரியா அந்தக் கைகளுக்குப் போகவில்லை. நோட்டைத் திறந்து, தங்கச்சிக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முதல் கேள்வியை ஸ்பானிஷில் படித்தாள். சின்னவள் அம்மா காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கண் வெளியே வந்தது. பிறகு முழு ஆளும் வந்து, நோட்டைப் பிடுங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பக்கம் பக்கமாகப் பார்த்தாள். முத்துப்பிரியா அதை நேராகத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு தலையும் ஒரு நோட்டுக்குள் போய்விட்டன. கலையரசி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு வாயைப் பொத்தி அழுதாள். பாவமாக இருந்தது. மூன்று வருடமாக அவளைத் திட்டிய கூட்டத்தில் நானும் ஒருவன்.

ஜக்கையன் பெட்டிகளைத் தூக்கினான். "வழியில என்னத்தச் சாப்புட்டீங்க மாப்ளே?" என்று கார்முகிலை விசாரித்தான். சின்னவள் இருக்கும் பக்கமே திரும்பவில்லை. பார்த்தால் முகத்தில் ரகசியம் வெளியே வந்துவிடும் என்று பயம் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலில் ஆசாரியோடு காத்திருந்தேன். ஜீப்பு வந்தது. மரத்தடியில் விரித்த ஜமுக்காளம், வீரலட்சுமி முன்கூட்டியே அனுப்பிய தட்டுகள், பழம், பூ, பட்டுப்பாவாடை, கையில் ஊசியோடு ஆசாரி. இறங்கிய கலையரசி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"அண்ணே" என்றாள்.

ஜக்கையன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "வெரசா ஆகட்டும்" என்றான், ஏதோ லோடு இறக்குகிற மாதிரி.

ஆசாரி குழந்தையைப் பக்கத்தில் கூப்பிட்டு முடியை ஒதுக்கினார். ஒதுக்கிய கை அப்படியே நின்றது.

"என்னப்பா இது? காது குத்தியிருக்கே."

அரிசிமணி அளவில் வெள்ளிப் பொட்டுத் தோடு. இரண்டு காதிலும்.

"அங்கல்லாம் பிறந்த கையோட குத்திருவாங்கண்ணே" என்றாள் கலையரசி, அழுகையும் சிரிப்புமாக. "நீ கேக்கவே இல்லையே."

"நீ சொல்லவே இல்லையே."

"நீதான பேச்சையே எடுக்காதன்ன?"

நான் சிரித்துவிட்டேன். ஜக்கையன் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டேன். காலியான மடியோடு அவன் உட்கார்ந்திருந்தான். எழுந்து போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். அவனோ வேறொன்று கேட்டான்.

"யாரு மடியில வச்சுக் குத்துனது?"

கார்முகில் தயங்கிச் சொன்னான். "தெரியல மச்சான். எட்டு மாசத்துல அவங்கம்மா ஹோம்ல விட்டுட்டுப் போயிருக்கு. சுத்துன துணி, இந்தத் தோடு. வேற ஒன்னும் கெடையாது."

ஆசாரிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "துளை நல்லாத்தான் இருக்கு. இதக் கழட்டிட்டுத் தங்கத்தப் போட்டுருவோம்" என்று காதைத் தொட்டார். குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீறிட்டாள். "அத மட்டும் யாரையும் தொடவிட மாட்டா" என்று கலையரசி ஓடிவந்தாள்.

"கைய எடுங்க ஆசாரி."

ஜக்கையன் குரல் உயரவில்லை. "பெத்தவ வெறுங்காதோட அனுப்பல. போட்டுத்தான் அனுப்பியிருக்கா. அதக் கழட்டிட்டு நான் ஒன்னும் மாமனாக வேண்டாம்."

டப்பியைக் கலையரசியிடம் நீட்டினான். "வச்சிரு. அவளே கேக்குறன்னைக்குப் போடு." மூன்று வருடத்தில் அந்தக் குழந்தையை அவன் 'அவ' என்று சொன்னது அப்போதுதான். அதுவரை 'அது'தான்.

குழந்தை காதிலிருந்து கையை மெல்ல எடுத்தாள். தன்னைக் காப்பாற்றிய ஆள் யார் என்று உற்றுப் பார்த்தாள். முத்துப்பிரியாவின் பாவாடையை இழுத்து ஸ்பானிஷில் ஏதோ கேட்டாள். முத்துப்பிரியாவுக்கு முதல்தடவை விளங்கவில்லை. மறுபடி கேட்கச் சொல்லி, உதட்டைப் பார்த்து, புரிந்துகொண்டாள்.

"நீங்க யாருன்னு கேக்குறா மாமா."

ஜக்கையன் கலையரசியைப் பார்த்தான், கார்முகிலைப் பார்த்தான், என்னைக்கூடப் பார்த்தான். ஒரே ஒரு தடவை நான் வாயைத் திறக்கவில்லை.

"மாமன்னு சொல்லு."

முத்துப்பிரியா சொன்னாள். மரிசோல் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, யாரும் கூப்பிடாமலே நடந்துபோய், அந்த மடியில் உட்கார்ந்தாள். விழுந்துவிடாமல் ஜக்கையன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். எல்லோரும் பார்க்க அழுதான். கண்ணைத் துடைக்க அவனுக்குக் கை ஒழியவில்லை.