சாரிடம் ஒரு வார்த்தை

ஆக்னஸுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். திண்டுக்கல்லில் அவளுக்குப் பாடம் எடுத்த டீச்சர்கள் சொன்னார்கள். இப்போது ஹைதராபாத் ஜீடிமெட்லாவின் மருந்துக் கம்பெனியில், தரப் பரிசோதனையில் அவளிடம் மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள் சொல்கிறார்கள். ஏன் வந்தது என்று மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை.

கல்யாணமான புதிதிலேயே புருஷன் பிரசன்னாவிடம் சொல்லிவிட்டாள்: நகை நட்டு வேண்டாம், நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப் வண்டி ஒன்று வேண்டும். அவன் சிரித்தான். அவள் தன் சம்பளத்தில் வாங்கினாள். குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் அதை நிறுத்த அக்கம்பக்கத்தோடு மல்லுக்கட்டி இடம் பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமையானால் விகாராபாத் பக்கத்துக் காட்டுப் பாதைகளில் பாறை மேல் ஏற்றுவாள், ஓடையில் இறக்குவாள். பிரசன்னா பக்கத்து சீட்டில் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுப்பான். அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அது வீட்டுக்குள் மட்டும் தெரிந்த சங்கதி. அவன் ஆபீஸில் அது பிரசன்னாவின் வண்டி.

பின்னால் தண்ணீர் கேனும் இழுவைக் கயிறும் சாமான்களும் ஏறினால் வண்டி உட்கார்ந்துவிடும்; பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் டொம்மென்று அடிக்கும். அதற்காகத்தான் சனத்நகரில் ஜெயராமின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். ஜெயராமின் குடும்பம் ஹைதராபாத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. அவர் பேசும் தமிழில் தெலுங்கும் தக்கனி உருதும் பாதிக்குப் பாதி.

ஆக்னஸ் தெளிவாகத்தான் சொன்னாள். பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போடுங்கள். முன்னால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள், இரண்டு அங்குலம் உயர்ந்தால் போதும். அடியில் கட்டை கொடுத்துத் தூக்கவே வேண்டாம். உயரம் மாறினால் பின் பிரேக்குக்குப் போகிற கம்பியையும் சரிசெய்யுங்கள். அவள் பேசி முடிக்கும்வரை ஜெயராம் தலையை ஆட்டினார். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தது கூட வந்திருந்த பிரசன்னாவை. கடைசியில் போன் நம்பர் வாங்கிக்கொண்டதும் அவனிடம்தான். அப்போதே அவளுக்குச் சுருக்கென்றது. வேலை நடக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வண்டியை எடுக்கப் போன அன்று வாசலிலேயே நின்றுவிட்டாள். வண்டி பரண் மேல் ஏற்றி வைத்த மாதிரி நின்றது. குனிந்து பார்த்தாள். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே நாலு அங்குலத்துக்கு இரும்புக் கட்டை.

"யார் இதை வைக்கச் சொன்னது?"

"டென்ஷன் நக்கோ மேடம். சாருக்கு போன் பண்ணி ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டேன். பெரிய வேலை கதா, கேக்காம செய்யக்கூடாது. சார்தான் நல்லா ஹைட்டா, கெத்தா இருக்கணும்னாரு."

"வண்டி என்னோடது. ஓட்டுறது நான்."

"ஹவ் மேடம், ஹவ், உங்களோடதுதான். ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க."

ஓட்டினாள். மெயின் ரோட்டுக்கு வந்ததும் ஸ்கூல் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போன ஆட்டோ ஒன்று சடாரென்று குறுக்கே திரும்பியது. பிரேக்கை அழுத்தினாள். முன்பக்கம் மண்டியிட்டது, பின்பக்கம் பிடிக்கவே இல்லை. வண்டி இழுத்துக்கொண்டே போய் ஆட்டோவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ஆட்டோவின் பின்சீட்டிலிருந்த ஒரு சின்னப்பெண் இவளைப் பார்த்துக் கையசைத்தாள். ஆக்னஸ் வண்டியை ஓரங்கட்டினாள். ஆட்டோ போன பிறகு அவளுக்கு வந்த கோபம் அதுவரை வந்த கோபம் எதிலும் சேர்த்தியில்லை.

ஊர்ந்துகொண்டே ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி, அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். பின் அச்சிலிருந்து பிரேக் வால்வுக்குப் போகிற கம்பியை யாரும் தொடவே இல்லை. வண்டியைத் தூக்கியதில் அது கீழே இழுபட்டிருந்தது. அப்படி இழுபட்டால் வால்வு வண்டி காலி என்று நினைத்துக்கொள்ளும். பின் சக்கரத்துக்குப் பிரேக்கைக் குறைத்துவிடும். பிரசன்னாவுக்கு போன் போட்டாள்.

"மீட்டிங்ல இருக்கேன் ஆக்னஸ்."

"ஜெயராம் போன் பண்ணப்பவும் மீட்டிங்லதான இருந்திருப்ப? அவர்கிட்ட பேச மட்டும் நேரம் இருந்துச்சுல்ல? கிளம்பி வா."

வந்தான். வழியெல்லாம் யோசித்து வைத்த சமாதானத்தை ஆரம்பித்தான். "லுக்குக்காகச் சொன்னேன்ப்பா. உனக்கு சர்ப்ரைஸா இருக்கும்னு..."

"ஸ்கூல் பிள்ளைங்க மேல ஏத்தியிருப்பேன் பிரசன்னா. ஜெயிலுக்குப் போறது நான். நீ போட்டோ போட்டுக்கிட்டு இருந்திருப்ப."

ஷெட்டில் வேலை நின்றது. ஸ்பேனரைப் பிடித்த கைகள் அப்படியே இருந்தன. ஜெயராம் சூழ்நிலையைச் சமாளிக்கிற மனுஷன். ஒரு அடி முன்னால் வந்து, மெதுவாக, பிரசன்னாவைப் பார்த்துக் கேட்டார்:

"அப்ப கட்டையைக் கழட்டிடலாமா சார்?"

ஆக்னஸுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பற்றி எரிந்தது. கத்தவில்லை. புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிரசன்னா செருப்பைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், கடைசியில் முணுமுணுத்தான்.

"என்னைக் கேக்காதீங்க. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது."

"அவருக்குக் கேக்கல," என்றாள் ஆக்னஸ். "சத்தமா சொல்லு."

"ஆக்னஸ், ப்ளீஸ்..."

"சத்தமா."

அவன் இந்தியிலேயே சொன்னான், ஷெட்டில் எல்லோருக்கும் புரியும்படி. மூலையில் யாரோ சிரித்தார்கள். பிரசன்னாவின் காது சிவந்தது. அவளுக்குப் பாவமாக இல்லை. ஆட்டோவிலிருந்து கையசைத்த அந்தச் சின்னக் கையைத்தான் அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயராம் முதல்முறையாக அவள் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

"சரி மேடம். எப்படிச் செய்யணும், நீங்களே சொல்லுங்க."

"அன்னைக்கு சொன்னேனே, அப்படித்தான்."

ஜெயராம் நெற்றியைத் தேய்த்தார். "அன்னைக்கு என்ன சொன்னீங்க மேடம்?"

கிண்டலுக்குக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. ஆக்னஸ் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, டார்ச்சை எடுத்து, எண்ணெய்த் தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தாள்.

"உள்ள வாங்க," என்றாள். "ரெண்டு பேரும்."