வாசலில் நின்றவள்

பிரான்சின் லா ரோஷெல் துறைமுகத்தில் சர்க்கரை வியாபாரி தெல்மார் வீட்டுக்குச் சமையல்காரி நான். அங்கே என்னோடு வேலை செய்த குளோரிந்த், அவர்களுடைய தீவுத் தோட்டத்தில் கரும்பு வெட்டிய அடிமை. முதலாளியம்மா ஊர் திரும்பியபோது கூடவே கூட்டி வந்தாள்.

முதலாளி குடும்பத்தார் ஹூகெனோ கிறிஸ்தவர்கள். அரசர் தடை செய்த சபை. பிடிபட்டால் ஆண்கள் அரசரின் கப்பல்களில் சங்கிலியில் கிடந்து துடுப்பு வலிக்க வேண்டியதுதான். அதனால் ஞாயிறுதோறும் மாடியில் சன்னல்களை மூடிக்கொண்டு ரகசியமாக ஜெபிப்பார்கள். ஒன்பது வருடம் வாசலில் காவல் நின்றவள் குளோரிந்த்.

ஒருமுறை சிப்பாய்கள் வந்துவிட்டார்கள். "உள்ள வராதீங்கய்யா, அம்மாவுக்குப் பெரியம்மை" என்று வழிமறித்தாள். கன்னத்தில் அறை வாங்கியும் நகரவில்லை. அவர்கள் போய்விட்டார்கள்.

அன்று முதலாளி வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து, "இனிமே நீ அடிமை இல்ல, குளோரிந்த்" என்றார்.

அடுப்படிக்கு ஓடிவந்து சொன்னாள். "எழுதி வாங்குடி பைத்தியமே" என்றேன்.

"போக்கா! சாமி புத்தகத்து மேல கைய வச்சு யாராவது பொய் சொல்லுவாங்களா?"

போன செவ்வாய் முதலாளி அவளிடம் ஒரு துணிக்கூடையைக் கொடுத்து, "கப்பல்ல குடுத்துட்டு வா" என்றார். ஏறியவளை இறங்கவிடவில்லை. கப்பல் தீவுக்குக் கிளம்பிவிட்டது. தோட்டத்தில் ஆள் போதவில்லையாம்.

இந்த ஞாயிறு வாசல் காவல் எனக்கு. எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்தவர்களை ஆண்டவர் மீட்ட கதையை முதலாளி மேலே தழுதழுத்த குரலில் வாசித்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் சிப்பாய்கள் தெரிந்தார்கள்.

கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, என் மூட்டையோடு நடையைக் கட்டினேன்.