ஒரு விரற்கடை

இலையின் நுனியைப் பிடித்து ஒரு விரற்கடை இழுத்து வைக்கிறார் கலைமகள். நேற்று இலை கிடந்த இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டிருக்கிறார். கோட்டுக்கும் இலைக்கும் நடுவில் ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்துப் பார்க்கிறார். கொஞ்சம் கூடிப்போனது தெரிந்ததும் இலையைப் பின்னுக்குத் தள்ளுகிறார். "ஆசப்படக் கூடாது சார். நம்ம அவசரம் அதுக்குத் தெரிஞ்சிரும்." இலையில் மோர்ச்சாதமும் வேகவைத்த முட்டை ஒன்றும். பீரோவுக்கும் சுவருக்கும் இடையிலிருந்து இரண்டு கண்கள் அதையே பார்த்துக்கொண்டிருக்கின்றன.

கலைமகளுக்கு நாற்பத்தெட்டு வயது. திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் சந்தைக்கு வாழை இலைக் கட்டு ஏற்றிப்போகும் குட்டியானை வண்டி அவருடையது. ஓட்டுவதும் அவரே. விடியலுக்கு முன் கிளம்பினால் ஒன்பது மணிக்குத் திரும்பிவிடுவார். அதன் பிறகு நாய்கள்தான். வருடக்கணக்கில் கூண்டிலும் குடோனிலும் அடைபட்டு, திறந்துவிட்டாலும் வெளியே வரத் தெரியாமல் போன நாய்கள். இதுவரை பதினொன்று. கிழிந்த இலைகளெல்லாம் அவற்றுக்கு. தட்டில் வைக்கக் கூடாதா என்று கேட்டேன். "அடச்சு வச்ச நாய்க்குத் தட்டு சத்தம் ஆகாது. அதத் தட்டித்தான அதட்டியிருப்பாங்க" என்றார்.

நாய்களை அவர் வாங்க, போங்க என்றுதான் பேசுகிறார். "சாப்பிடுங்க, நான் பாக்கல" என்று அவர் சொல்வதைக் கேட்டுத் தெருவே சிரிக்கிறது. மாமியாரிடம் கூட இவ்வளவு மரியாதை காட்டியதில்லை என்று அவரே ஒத்துக்கொள்கிறார். "மரியாதையா பேசுனா கொரலு தானா எறங்கிரும் சார். பெறவு ஏத்தணும்னாலும் வராது." கொல்லையில் ஒரு கறுப்பு நாய் உலாத்திக்கொண்டிருந்தது. எட்டு வருடம் அரிசி ஆலைக் குடோனில் ஒரு மூலைத் தடுப்புக்குள் கிடந்ததாம். அவ்வளவு பெரிய கொல்லையில் அது ஆறு எட்டு வைத்ததும் திரும்பியது. மறுபடி ஆறு எட்டு, மறுபடி திருப்பம். போன மாதம்தான் ஒரு நாள் ஏழாவது எட்டு வைத்தது என்று சொல்லும்போது கலைமகளுக்கு வாயெல்லாம் பல்.

தள்ளிப்போடாமல் சொல்லிவிடுகிறேன். பீரோவுக்குப் பின்னால் இருக்கும் நாய் என்னுடையது. பெயர் சீசர். அப்பா அம்மாவுக்குப் பிறகு எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. எனக்கு வேலை சென்னையில். வீட்டுக்குக் காவல் வேண்டும் என்று வாசல் கிரில்லுக்குள் ஒரு குட்டியை விட்டுப் பூட்டினேன். பக்கத்து வீட்டுப் பூவம்மாள் கிரில்லுக்கு அடியில் சோற்றைத் தள்ளுவார். வெளியே நின்றே தண்ணீர் அடித்துக் கழுவிவிடுவார். ஆறு வருடம் இப்படி ஓடியது. எங்கள் தெருவில் பூட்டிய வீடுகள் நான்கு, நாலிலும் ஒரு நாய் உண்டு. யாரும் தப்பாக நினைப்பதில்லை. வேளாவேளைக்குச் சோறு, மழை படாத இடம், அதற்கு மேல் ஒரு நாய்க்கு என்ன வேண்டும் என்றுதான் நானும் இருந்தேன்.

போன தை மாதம் சீசர் குரைப்பதை அடியோடு நிறுத்திவிட்டது. குரைக்காத நாய் எதற்கு? கலைமகளின் எண்ணைத் தேடிப் பிடித்து, எடுத்துப்போகச் சொன்னேன். பூட்டைத் திறந்துவிடக் கூட நான் வரவில்லை, சாவியைக் கூரியரில் அனுப்பினேன். கலைமகள் கிரில்லைத் திறந்துவைத்து ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். அது வெளியே வரவில்லை. கடைசியில் போர்வையில் சுற்றித் தூக்கி வந்திருக்கிறார். எழுதும்போது கை கூசுகிறது.

அவரைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுத வந்தேன் என்பது பாதி உண்மை. சீசர் என்னைக் கண்டு ஒரு தடவை வாலாட்டினால் மனசு கொஞ்சம் ஆறும் என்ற நப்பாசைதான் மீதி. வந்ததுமே நான் யார் என்று சொல்லிவிட்டேன். "ஓ, நீங்கதானா சார்" என்று நாற்காலியை எடுத்துப் போட்டார். திட்டியிருக்கலாம். நன்றாக இருந்திருக்கும்.

பீரோவிலிருந்து, கொல்லையைப் பார்த்த அறை வாசலுக்கு மூன்றடி. அந்த மூன்றடியைக் கடக்க இலைக்கு நாற்பத்தாறு நாள் ஆகியிருக்கிறது. இன்று அது நிலைப்படிக்கு அந்தப் பக்கம் கிடந்தது. சாப்பிட வேண்டுமானால் சீசர் படியைத் தாண்டியாக வேண்டும். "எது நடந்தாலும் பேசாதீங்க சார்" என்று சொல்லிவிட்டு, கலைமகள் தரையில் உட்கார்ந்து பூண்டு உரிக்க ஆரம்பித்தார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து முதலில் மூக்கு வந்தது. பிறகு உடம்பு, தரையோடு தேய்ந்துகொண்டே. படியருகில் நின்று நடுங்கியது. ஒரு முன்னங்கால் படியைத் தாண்டி வெளி மண்ணைத் தொட்டது. கலைமகளின் கையில் பூண்டு அப்படியே நின்றது. அடுத்த காலும் எழும்பியது. எனக்குத் தாங்கவில்லை.

"சீசர்! வா!" என்றேன்.

அது என்னைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தது. பார்த்தபடியே பின்வாங்கி, நின்ற இடத்தில் சிறுநீர் கழித்து, பீரோவுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது. நகம் சுவரைப் பிறாண்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

கலைமகள் பூண்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். தரையைத் துடைத்தார். இலையை எடுத்துப்போய் பீரோவை ஒட்டி, முதன்முதலில் வைத்த இடத்திலேயே வைத்தார். என்னை வெளியே, வண்டிப் பக்கம் அழைத்துவந்த பிறகுதான் கேட்டார். "எதுக்கு சார் அது மேல பாக்குது? பல்லி கத்துனாக் கூட மேலதான் பாக்கும். கூரையில பாம்பு கீம்பு பாத்து பயந்திருக்கும்போலன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அவரிடம் நான் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான். கிரில்லுக்கு மேலே, கூரையில் ஒரு கேமரா வைத்திருந்தேன். போனிலிருந்து பேசினால் அங்கே கேட்கும். சீசர் விடாமல் குரைத்தால் தெருவில் புகார் வரும். நான் ஆபீஸில் இருந்தபடியே "சீசர்! சும்மா இரு!" என்று ஓர் அதட்டல் போடுவேன். சுருண்டுகொள்ளும். கூட வேலை பார்ப்பவர்களுக்கு அதை வேடிக்கையாகச் செய்துகாட்டியிருக்கிறேன். திரையில் ஒரு நாய் ஆளில்லாத குரலைத் தேடி மேலே பார்த்துச் சுற்றிச் சுற்றி வருவதைக் கண்டு அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கலைமகளிடம் இதையெல்லாம் சொன்னேன்.

"எத்தன வருசம் சார்?"

"கேமரா வைத்து நாலு வருஷம் இருக்கும்."

 கலைமகள் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு இடுப்பிலிருந்து போனை எடுத்தார். "இதுல ஒரு தடவ அது பேர சொல்லுங்க. சோறு வைக்கிறப்ப போனத் தரையில வச்சு, சின்ன சத்தத்துல போட்டு விடுறேன். உங்க கொரலும் சோறும் ஒண்ணா வரட்டும். மரியாதையெல்லாம் வேணாம் சார், கோவம் இல்லாம கூப்பிட்டாப் போதும்."

"சீசர்" என்றேன். அவர் காதில் வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அழித்தார். இன்னொரு தடவை சொன்னேன், அதட்டலாகத்தான் வந்தது. தணித்துச் சொல்லிப் பார்த்தேன். தணிந்த அதட்டல். அந்தப் பெயரை வேறு விதமாக ஒரு நாளும் சொன்னதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்கடுத்த தடவையும் அதே ஆபீஸ் குரல்தான் வந்தது.

தெருவில் யாரோ வண்டி கேட்டு வந்து கூப்பிட்டார்கள். "செத்த இருங்க, வர்றேன்" என்று அவர்களுக்குக் கையைக் காட்டிய கலைமகள், பதிவானதைக் கட்டைவிரலால் அழித்துவிட்டு, போனை மறுபடி என் வாயருகில் கொண்டுவந்து பிடித்தார்.