அரிப்பில் கடை போட்டதும் கயிறு பிடித்ததும்

அரிப்பு என்ற கடற்கரை ஊரில் நான் போட் எஞ்சின் பழுதுபார்க்கும் கடை திறந்த முதல் நாள் நாலு பேர் வந்தார்கள். ஒருவரும் எஞ்சின் கொண்டுவரவில்லை. மெற்றில்டாவின் மாப்பிள்ளை எப்படி இருக்கிறான் என்று பார்க்க வந்தவர்கள். பார்த்தார்கள், போனார்கள்.

நான் நறுவிலிக்குளத்து ஆள், வயல்காரப் பிள்ளை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மன்னார் ரவுணில் ஒரு கராஜில் வேலை பழகினேன். கலியாணம் முடித்து மனைவி மெற்றில்டாவின் ஊருக்கு வந்தேன். பிளக், காபரேற்றர் எல்லாம் எனக்குத் தெரியும். ஊரோடு எப்படிச் சேருவது என்று தெரியாது. சேராவிட்டால் எஞ்சின் வராது. எஞ்சின் வராவிட்டால் கடையை மூடிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இந்த யோசனையில் எனக்கு நித்திரை குறைந்தது. புது ஊரில் கடை போடப்போகிற தம்பிமாருக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். உதவுமோ என்றும் சரியாகத் தெரியவில்லை.

கூட்டம்

முதலில் கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். பின்வரிசையில் இருந்தேன். தலைவர் என்னைக் கண்டுவிட்டார்.

"மாப்பிள்ளை, உங்களுக்கு என்ன பிரச்சினை?"

"பிரச்சினை ஒண்டுமில்லை."

"பிறகேன் வந்தனீங்கள்?"

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த முறை ஒரு பிரச்சினையோடு போகலாமா என்றுகூட யோசித்தேன்.

கதிரை

திருவிழாவுக்கு முன்பு கோயில் வளவைத் துப்புரவாக்க ஊர்கூடிச் சிரமதானம் வைத்தார்கள். மண்வெட்டியோடு போனேன். ஒருவர் மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். இன்னொருவர் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து வேம்புக்குக் கீழே போட்டார்.

"நீங்கள் இருங்கோ மாப்பிள்ளை. தேத்தண்ணி வருது."

ஊரே புல்லுச் செருக்க, நான் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தேன். எழும்பினால் மரியாதையைத் தட்டினதாகுமோ, இருந்தால் சோம்பேறி என்பார்களோ என்று முடிவெடுக்க முதல் வேலை முடிந்துவிட்டது.

கயிறு

கடைக்கு நேரே கடற்கரை. அங்கே வலைக்கும் போட்டுக்கும் சொந்தக்காரரான அந்தோனிச் சம்மாட்டியாரின் கரைவலை. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றைப் பிடித்து வலையைக் கரைக்கு இழுப்பார்கள். ஒரு காலை ஆள் குறைந்து சிரமப்பட்டார்கள். ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தேன். ஒருவரும் கதிரை கொண்டுவரவில்லை. உள்ளங்கை உரிந்தது. சந்தோசமாக இருந்தது.

மீனைப் பங்கு பிரித்தார்கள். சம்மாட்டியார் எனக்கும் ஒரு குவியல் ஒதுக்கினார்.

"எனக்கு வேண்டாம் ஐயா. சும்மா உதவியாத்தான் இழுத்தனான்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்தக் குவியலைக் காலால் மற்றக் குவியலோடு தள்ளிவிட்டார். அடுத்த கிழமை அவருடைய எஞ்சின் என் கடையைத் தாண்டிச் சிலாவத்துறையில் உள்ள கடைக்குப் போனது.

மெற்றில்டாவிடம் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டாள்.

"பங்கை வேண்டாமெண்டு சொன்னனீங்களோ?"

"எங்கட ஊரில களத்தில கைகொடுத்திட்டு நெல்லுக் கேட்டா ஒரு மாதிரிப் பாப்பினம். அதுதான்."

"இஞ்ச கயித்தில கை வைச்சவனுக்குப் பங்கு. அதை விட்டிட்டு வந்தா உங்களோட எனக்கு ஒண்டுமில்லை எண்டு அர்த்தம். உதவி செய்ய வெளி ஆக்கள் வருவினம். தொப்பி போட்டுக்கொண்டு வந்து, படமெடுத்திட்டுப் போவினம். நீங்களும் அப்பிடியோ?"

நல்லது செய்யப்போய் வெளி ஆளாகிவிட்டேன். எங்கே பிழைவிட்டேன் என்று விளங்கியது. எப்படித் திருத்துவது என்று விளங்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாமா? எதற்கென்று கேட்பது?

கடைசியில் திரும்பவும் கயிற்றைப் பிடித்தேன். மீன் பிரிக்கும்போது சம்மாட்டியார் எனக்கு ஒதுக்கவில்லை. கடையைப் பார்த்தேன், கதவு திறந்தபடி கிடந்தது. அங்கே போய்விடலாம் என்று கால் திரும்பியது. ஆனால் வாய் முந்திவிட்டது.

"என்ர பங்கு எங்க?"

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"அண்டைக்கு வேண்டாமெண்டனீர்," என்றார் சம்மாட்டியார்.

"அண்டைக்குத் தெரியாது. இண்டைக்கு வேணும்."

அவர் சிரிக்கவில்லை. குனிந்து இரண்டு கையாலும் காரல் மீன் அள்ளினார்.

"பை எங்க?"

பை இல்லை. சேட்டைக் கழற்றி விரித்தேன். எஞ்சின் ஒயில் படிந்த சேட்டு.

"மெற்றில்டான்ர சொதி இண்டைக்குப் பெற்றோல் மணக்கும்," என்றான் என்னோடு கயிறு இழுத்த யூட்.

"மணந்தாலும் பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் போடுங்கோ," என்றேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. அப்போதுதான் சம்மாட்டியார் சிரித்தார்.

மறுநாள் யூட் சம்மாட்டியாரின் எஞ்சினைத் தோளில் சுமந்து வந்து கடை வாங்குப் பலகையில் போட்டான். "ஸ்ராட் வருதில்லை. பின்னேரத்துக்கு முதல் வேணும். இல்லாட்டிச் சம்மாட்டியார் உன்னைத்தான் கடலில இறக்குவார்." இவ்வளவு நாளும் என்னை நீங்கள் என்று கூப்பிட்டவன்.

தம்பிமார், நான் படித்தது இவ்வளவுதான். புது ஊரில் கொடுக்கப் போகும்போது, வாங்கவும் கை நீட்டுங்கள். வாங்காதவனை விருந்தாளியாகத்தான் வைத்திருப்பார்கள்.

அடுத்த சிரமதானத்துக்குப் போனேன். வேம்புக்குக் கீழே கதிரை இல்லை. என்னில் ஏதும் கோபமோ என்று பயந்து நின்றேன். "மரம் மாதிரி நிக்காம அந்தப் பக்கம் புல்லுச் செருக்கு," என்று ஒரு குரல் வந்தது. யாரென்று பார்க்காமல் செருக்கத் தொடங்கினேன்.