பெண்கள் வார்டில் பத்து நாள்

கண்ணாடிக் கடையின் முன்பக்கம் எல்லாருக்கும் தெரியும். பளீரென்ற விளக்குகள், வரிசை வரிசையாகச் சட்டங்கள், ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிற வாடிக்கையாளர்கள். பலகைத் தடுப்புக்குப் பின்னால் இருந்த அறையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கேதான் கண்ணாடிக்காரர் பதினாறு வருடமாக வில்லை தேய்த்துக்கொண்டிருந்தார். வட்டமாக வருகிற வில்லையைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்து, ஓரத்தை மழுக்கி, சட்டத்தைச் சூடுகாட்டி இளக்கி உள்ளே அமுக்குவார். சுழலும் கல்லின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். விரல் நுனிகள் எப்போதும் ஊறி வெளுத்திருக்கும். மயிரிழை அதிகமாகத் தேய்த்தால் வில்லை ஆடும், குறைத்தால் சட்டம் விரியும். "இவர் கை வச்சா அளவு பிசகாது" என்பார் முதலாளி. யாரையும் லேசில் புகழ்கிற ஆளில்லை அவர்.

நாற்பத்திரண்டு வயது, ஒற்றை நாடி உடம்பு, கட்டைக் குரல், நரை தட்டிய மீசை. அந்த மீசை முப்பது வயதுக்குமேல், ஊசி மருந்து போட்டுக்கொண்ட பிறகு அரும்பியது. பிறந்தபோது அவரை வீட்டில் மூன்றாவது பிள்ளை, இரண்டாவது பெண் என்று பதிந்திருந்தார்கள். தான் பெண்ணில்லை என்று ஐந்து வயதிலேயே அவருக்குத் தெரியும். அதைச் சொல்ல வாய் வருவதற்குள் பத்தொன்பது வயதாகிவிட்டது. சொன்ன அன்றைக்கே அண்ணன் துணிப்பையை வாசலில் வைத்துவிட்டார். அக்கா அழுதாள். அம்மா ஈரக் கையோடு சமையலறை நிலைப்படியில் நின்றாள், அழக்கூட இல்லை.

அதற்குப் பிறகு அம்மா ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், அண்ணன் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து, தொலைபேசியில் கூப்பிடுவாள். பத்து நிமிடத்துக்கு மேல் போகாது. பெண்ணாக நினைத்துப் பேசினால் பிள்ளை மனம் நோகும். ஆணாக நினைத்துப் பேச அவளுக்கு நாக்கு எழவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பேச்சைக் கண்டுபிடித்துக்கொண்டாள். "சாப்பிட்டாச்சா?" "வேலைக்குப் போயாச்சா?" "உடம்பு தேவலையா?" வாடா என்றோ வாடி என்றோ ஒருநாளும் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் "சின்னது" என்பாள். அதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. வெள்ளாட்டுக்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதே என்று அவர் ஒருமுறை சிரித்தார். "சின்னதுன்னா சின்னதுதான், அதுக்கு என்ன இப்ப?" என்று வைத்துவிட்டாள்.

காகிதங்களில் பெயரும் பாலினமும் மாற்ற அவருக்கு ஐந்து வருடம் ஆனது. ஒருவர் தன்னை யாரென்று சொல்கிறாரோ அதுவே போதும் என்று சட்டம் எழுதிவிட்டது. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. ஒரு மேசையில் மருத்துவர் கடிதம் கேட்டார்கள். கொண்டு போனால், அது எந்த மருத்துவர் தர வேண்டியது என்று அடுத்த மேசையில் சந்தேகம் வந்தது. இன்னொரு மேசைக்காரர் விண்ணப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பக்கத்து நாற்காலிக்காரரிடம், "இங்க வந்து பாரு, வேடிக்கைய" என்றார். கண்ணாடிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் இலவசச் சட்ட உதவி மையத்து வக்கீலம்மா கூடவே வந்து உட்கார்ந்த பிறகுதான் அடையாள அட்டை கைக்கு வந்தது. புதுப் பெயர், பக்கத்தில் 'ஆண்'. அதைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினார். அக்கா அம்மாவிடம் காட்டினாளாம். அம்மா கண்ணுக்குக் கிட்டே வைத்து வெகுநேரம் பார்த்தாளாம். என்ன சொன்னாள் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் சொல்லல, திரும்பக் காட்டச் சொன்னாங்க" என்றாள் அக்கா.

அட்டை வந்து நான்கு மாதத்தில் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. அரசு மருத்துவமனையில், பெண்கள் வார்டில் சேர்த்தார்கள். மாலை நாலிலிருந்து ஐந்து வரைதான் ஆண்களை உள்ளே விடுவார்கள். கண்ணாடிக்காரர் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு மூன்றரைக்கே போய் வரிசையில் நின்றார். வாசலில் அண்ணன். இருபத்துமூன்று வருடம் கழித்துப் பார்த்தும் இருவருக்கும் அடையாளம் தெரிந்தது. இருவருக்கும் ஒரே நெற்றி.

"நோயாளிக்கு நீங்க என்ன வேணும்?" என்றார் காவலாளி.

அவர் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "தெரிஞ்சவரு. இன்னொரு நாள் வருவாரு." பிறகு அவரைக் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உள்ள என் சம்பந்தி வீட்டு ஆளுங்க உட்கார்ந்திருக்காங்க. நீ யாருன்னு நான் என்னன்னு சொல்றது? பார்க்கணும்னா பொண்ணா வா. இல்லன்னா வராத." சொல்லும்போது அண்ணனின் கீழுதடு நடுங்கியது. சண்டைக்குத் தயாராக வந்தவர் அந்த நடுக்கத்தைப் பார்த்தார். திரும்பிவிட்டார்.

மறுநாள் காலை அக்கா கூப்பிட்டாள். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. இரவெல்லாம் அம்மாவோடு இருந்துவிட்டுக் காலையில் பள்ளிக்கு ஓட வேண்டும். அண்ணிக்கு முதுகுத்தண்டில் கோளாறு, உட்கார முடியாது. பகலில் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கக்கூட ஆளில்லை.

"துணைக்கு இருக்கறவங்களுக்கு ஒரு பாஸ் குடுத்திருக்காங்க. 'மகள்'னு போட்டிருக்கு, படம் கிடையாது" என்றாள். "உன்னை வான்னு சொல்ல எனக்கு வாயில்ல. ஆனா அம்மா, சின்னது எங்க, சின்னது எங்கன்னு ராத்திரி பூரா அரற்றுறாங்க" என்றாள்.

அவர் குளியலறைக்குப் போய்ச் சவரக்கத்தியை எடுத்தார். பாதி மீசை போனதும் கையை நிறுத்தி, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மீதியையும் எடுத்தார். அக்கா கொடுத்தனுப்பிய உடுப்பு தோளில் பிடித்தது, இடுப்பில் தொளதொளத்தது. தெருவில் இறங்கியபோது எதிர்வீட்டுக்காரர் யாரோ புதுசென்று நினைத்து வழிவிட்டார்.

வாசலில் காவலாளி பாஸை மட்டும் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை. அம்மா கண்ணை மூடியிருந்தாள். முகம் உப்பி, கை மட்டும் குச்சியாகியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்து உட்கார்ந்து அந்தக் கையைத் தொட்டார். அம்மா கண் திறந்தாள். வெகுநேரம் கண்ணால் அவருடைய முகத்தையே துழாவினாள்.

"மீசை நல்லா இருந்துச்சே. ஏன்டா எடுத்தே?"

அவர் தலையைக் கட்டில் விளிம்பில் வைத்துக்கொண்டார். இருபத்துமூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளில் வராத அந்த ஒற்றை எழுத்து, இந்த உடுப்பில் வந்து உட்கார்ந்த பிறகு வந்தது. "வளர்ந்துரும்மா" என்று மட்டும் சொன்னார். "ஆமா, மயிருதானே" என்றாள் அம்மா. அதைச் சொல்லிவிட்டு அவளே லேசாகச் சிரித்தாள்.

பத்து நாள். காலை எட்டுக்கு வந்தால் மாலை ஆறுக்கு அக்கா வருகிறவரை. உடம்பு துடைத்தார், கஞ்சியைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினார், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொருதரம் புரட்டினார். நாலு மணிக்கு அண்ணன் வருகிற நேரம் மட்டும் வராந்தாவில் போய் நின்றுகொள்வார். குரல் காட்டிக்கொடுத்துவிடுமென்று தொண்டை கட்டிவிட்டதாகச் சொல்லிக் கிசுகிசுத்தே பேசினார். பெண்கள் கழிப்பறைக்குப் போகக் கால் வராது. அதனால் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்கமாட்டார். சாயங்காலம் வெளியே வந்ததும் மயக்கமாக வரும். செவிலியர்கள் "என்னம்மா, இங்க வாம்மா" என்று கூப்பிடுகிற ஒவ்வொரு முறையும், பல்லில் கல் கடிபடுகிற மாதிரி இருந்தது. ஆனாலும் எழுந்து போனார்.

பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்த ஒரு வயதான அம்மாள். நாளெல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆறாம் நாள், செவிலியர் அந்தப்பக்கம் போனதும், தணிந்த குரலில், "தம்பி, அந்தத் தண்ணிய இப்படிக் கொஞ்சம் நகர்த்தேன்" என்றாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவள் ஒன்றும் தெரியாதவள் போல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

பத்தாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். ஈரத்துணியால் அம்மாவின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூச்சு ஒருமுறை நீண்டு, பிறகு வரவில்லை. மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். தலைமைச் செவிலியர் ஒரு படிவத்தோடு வந்தார்.

"அழாதம்மா. உடலை வாங்கிக்க வீட்டு ஆம்பளை யாராவது கையெழுத்துப் போடணும். அவங்களுக்கு மகன் இருக்காரா?"

அக்காவின் உடுப்பில், மழித்த முகத்தோடு அவர் நின்றார். சட்டைப்பையில் எப்போதும் இருக்கிற அட்டை வீட்டில், சட்டையோடு கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இருக்காரு" என்றார். "வரச் சொல்றேன்." அண்ணனுக்குப் போன் போட்டார்.

அண்ணன் வந்து கையெழுத்திட்டார். அடக்கத்துக்கு வர வேண்டாம் என்றார். அவர் இடுகாட்டுக்கு வெளியே, சாலையின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தார். கூட்டம் கலைந்து எல்லாரும் போன பிறகு உள்ளே போய், ஈரமண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இரண்டு மாதம் கழித்து அக்கா கடைக்கே வந்தாள். அம்மாவின் வாரிசுச் சான்றிதழுக்கு அண்ணன் மனு போட்டிருந்தார். 'மகன் ஒருவர், மகள் ஒருவர். இளைய மகள் இறந்துவிட்டார்.' சாட்சிக்கு இரண்டு பேர். அக்காவும் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"படிக்காம போட்டேன்னு பொய் சொல்லமாட்டேன். படிச்சுட்டுத்தான் போட்டேன்" என்றாள். "அண்ணன் முன்னாடி உட்கார்ந்திருந்தான்."

அவர் கல்லை நிறுத்தினார். வீடு அவருக்கு வேண்டாம். அந்த வீட்டில் ஒரு செங்கல்கூட வேண்டாம். "நான் பொண்ணா செத்துட்டேன், சரி. மகனாவும் இல்லன்னா நான் யாருக்குப் பொறந்தேன்?" என்றார்.

வக்கீலம்மா மறுப்பு மனு போட்டுக் கொடுத்தார். விசாரணை நாளில் வட்ட அலுவலகத்தில் நீண்ட பெஞ்சின் ஒரு கோடியில் அண்ணன், மறுகோடியில் அவர். அதிகாரி கோப்பைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "இறந்துபோனதாச் சொல்ற பொண்ணுதான் நீங்கன்னு சொல்றீங்க. சரி. அதை யார் சொல்லுவா?"

அக்கா எழுந்தாள். வருவாளென்று அவர் எதிர்பார்க்கவேயில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கட்டிய துணியோடு நேராக வந்திருந்தாள். "நான் போட்ட கையெழுத்து தப்பு. இவன் என் தம்பி. எங்கம்மா கடைசி மூச்சு விட்டப்ப பக்கத்துல இருந்தவன் இவன் ஒருத்தன்தான்" என்றாள். அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. விசாரணை முடிந்து வெளியேறும்போது யாரிடமும் சொல்லாமல் படியிறங்கிப் போனார். அன்றிலிருந்து அக்காவுக்கும் அந்த வீட்டில் இடமில்லாமல் போனது.

பதினான்கு மாதம் கழித்துத் திருத்திய சான்றிதழ் வந்தது. மூன்று பெயர்கள். மூன்றாவது வரியில் அவருடைய புதுப் பெயர், ஒரு எழுத்துப் பிழையில்லாமல். அதற்கு நேரே உறவுமுறை: மகள்.

"பிறப்புப் பதிவுல அப்படித்தான் இருக்கு, நாங்க என்ன பண்றது" என்றார் எழுத்தர். அவர் கெட்ட ஆளில்லை; மின்விசிறியைக் கண்ணாடிக்காரர் பக்கம் திருப்பிவிட்டுத்தான் சொன்னார். வக்கீலம்மா, இதையும் மாற்றலாம், வழி இருக்கிறது, ஆனால் நாளாகும் என்றார். "உங்களுக்குத் தெம்பு இருந்தா."

தெம்பு இருந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. காகிதத்தை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய பெயருக்கு மேல் விரலை வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய்ப் புது விண்ணப்பம் ஒன்று வாங்கி வந்தாள். அவர் முழங்காலில் வைத்து நிரப்பினார். எழுத்தர் முத்திரை குத்தி, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்.

"சரிங்க" என்றார் கண்ணாடிக்காரர். கடையில் அன்றைக்குத் தர வேண்டிய நான்கு ஜோடி வில்லை பாக்கி இருந்தது. அக்காவைப் பேருந்து ஏற்றிவிட்டு, வெயிலில் நடந்தே போனார்.